பூ இருந்தால் போதுமா?

பெருநாள் காலம் வந்துவிட்டால் வானொலியில் எங்களுக்கு ஒரு வேலை கூடிவிடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே சாலைத் தகவல். தாப்பாவில் நெரிசல், மெனோரா சுரங்கப் பாதைக்கு முன்னால் வாகனங்கள் ஊர்கின்றன, இன்ன கிலோமீட்டரில் இடது தடத்தை ஒரு கார் அடைத்து நிற்கிறது. இந்தக் கடைசி வகைத் தகவலில் அடிக்கடி வரும் இரண்டு சொற்கள் 'டயர் வெடித்து'. வாசிக்கிறோம், அடுத்த பாட்டு ஓடுகிறது. ஏன் வெடித்தது என்று தகவலில் இருக்காது. அந்த டயருக்கு என்ன வயது என்பது இருக்கவே இருக்காது.

டயருக்கு வயதா என்று கேட்பீர்கள். உண்டு, அதுவும் அச்சடித்துத்தான் வருகிறது. உங்கள் காரின் டயர் ஓரத்தில், விளிம்புக்குப் பக்கத்தில், டி.ஓ.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். அதன் பிறகு எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை ஓடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கடைசியாக ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம்தான் நமக்கு வேண்டியது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3517 என்றால் 2017ஆம் ஆண்டின் 35ஆவது வாரம், ஆகஸ்ட் கடைசி. 0224 என்றால் 2024 ஜனவரியில் பிறந்த குழந்தை. மூன்றே இலக்கம் இருந்தால் அந்த டயர் 2000க்கு முன்னால் செய்தது. அப்படி ஒன்று உங்கள் வண்டியில் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் கடைக்குக் கிளம்புங்கள்.

ஒரு சின்னச் சிக்கல் உண்டு. பல டயர்களில் இந்த முழு வரிசை ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். மறு பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கிப் பாதியிலேயே நின்றுவிடும், தேதி இருக்காது. தேதி உள்ள பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால் வெளியிலிருந்து தேடித் தேடி அலுத்துப்போவீர்கள். முன் டயர் என்றால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, கைப்பேசியை உள்ளே நீட்டி ஒரு படம் எடுத்தால் போதும். பின் டயருக்குக் கொஞ்சம் குனிய வேண்டும். விளக்கைப் போட்டுப் படம் பிடித்து, பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பின் மேல் கறுப்பு எழுத்து, வெறும் கண்ணுக்குச் சுலபத்தில் தெரியாது.

நம் நாட்டில் டயரை எடைபோடும் அளவுகோல் வேறு. டயரின் வரிப்பள்ளங்களை மலாயில் 'புங்கா' என்பார்கள், அதாவது பூ. அந்தச் சொல் நம்மவர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. பூ இருந்தால் டயர் நல்ல டயர், பூ தேய்ந்தால் மொட்டை. பூவைப் பார்ப்பதில் தவறில்லை. சட்டம் கேட்பதும் அதைத்தான், குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். புது டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் 1.6க்கு வந்துவிட்டது என்று பொருள். ஆனால் அது கடைசிக் கோடு. சாயங்காலம் நான்கு மணிக்கு வானம் கறுத்து, ஐந்து மணிக்குக் கொட்டித் தீர்க்கும் ஊரில் நாம் இருக்கிறோம். பள்ளம் ஆழமாக இருந்தால்தான் டயருக்கு அடியில் உள்ள தண்ணீர் வெளியேறும். வெளியேறாவிட்டால் டயர் தண்ணீர்மேல் ஏறி மிதக்கும்; அப்போது ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள் என்பது என் கருத்து.

சரி, பூ நிறைய இருக்கிறது, வண்டியே அதிகம் ஓடவில்லை என்றால்? அங்கேதான் வம்பு.

சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பெரியப்பா வேலை ஓய்வு பெற்ற 2018இல் ஒரு புரோட்டோன் சாகா வாங்கினார். கோயில், பசார், கிளினிக். அவ்வளவுதான் அதன் உலகம். கிள்ளானில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதில்தான் போவதாக முடிவு. ஐந்து பேர், பின்னால் பலகாரத் தூக்குகள். முதல் நாள் நான் டயர் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். நான்கிலும் 3517.

"பெரியப்பா, இந்த டயருக்கு எட்டு வயசு முடிஞ்சிருச்சி" என்றேன்.

"பூவப் பாரும்மா, அப்படியே இருக்கு. இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல."

"ஓடாததுதான் பெரியப்பா பிரச்சின."

"நீ ரேடியோவுல பேசுற பொண்ணு. டயரப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் பெரியப்பாவுக்கு ரப்பரைப் பற்றி நன்றாகத் தெரியும். தாத்தாவும் பாட்டியும் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள்; பெரியப்பாவும் பள்ளிக்கூடம் போகுமுன் நிரை பிடித்துக் கூட ஓடியவர். எனவே அவருக்குப் புரியும் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன். வீட்டில் பழைய ரப்பர் வளையத்தை மேசை டிராயரில் போட்டு வைத்து, இரண்டு வருடம் கழித்து எடுத்து இழுத்தால் என்ன ஆகும்? பட்டென்று அறுந்துபோகும். யாரும் அதைப் பயன்படுத்தவில்லை, தேயவில்லை. சும்மா இருந்தே செத்துப்போனது.

டயரிலும் நடப்பது அதுதான், கொஞ்சம் மெதுவாக. காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரைத் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. வெயில் அதற்குத் துணை. சூடு கூடினால் வேலை இன்னும் வேகம். அமெரிக்காவில்கூட டயர் கோளாறுகள் வெப்பமான தென் மாநிலங்களில்தான் அதிகம் பதிவாகியிருக்கின்றன. நமக்கோ ஆண்டு முழுக்க வெயில். இதைத் தாக்குப்பிடிக்க டயர் செய்பவர்கள் ரப்பரோடு மெழுகும் காப்பு ரசாயனங்களும் சேர்க்கிறார்கள். டயர் உருண்டு, நெளிந்து, வளையும்போது அந்தக் காப்புப் பொருள் உள்ளிருந்து மேல் தோலுக்கு வந்து பூசிக்கொள்ளும். வண்டி நின்றபடியே கிடந்தால் அது மேலே வருவது குறைந்துபோகும். தோல் வறண்டு, தலைமுடி அளவுக்கு மெல்லிய வெடிப்புகள் தோன்றும். எனவே தினமும் கோலாலம்பூருக்கு வேலைக்கு ஓடும் காரைவிட, வாசலில் துணி போர்த்தி வைத்த கார் சில விஷயங்களில் கூடுதல் ஆபத்து. ஓடும் கார் மூன்று நான்கு வருடத்தில் பூவைத் தின்று தீர்த்துவிடும், தானாகவே புது டயர் வந்துவிடும். ஓடாத காரின் டயர் அழகாக இருந்தபடியே கிழடாகும்.

வெளியே தெரியும் வெடிப்பைவிட மோசமானது உள்ளே நடப்பது. டயருக்குள் எஃகுக் கம்பி வலைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ரப்பர்தான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பசை. ரப்பர் காய்ந்து இறுகினால் பிடி தளரும். ஊருக்குள் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதுவும் தெரியாது. நெடுஞ்சாலையில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, மதிய வெயிலில், 110இல் ஒரு மணி நேரம் ஓட்டினால் சூடு ஏறி, மேல் பட்டை அப்படியே உரிந்துவிடலாம். சாலையில் பாம்புச் சட்டை போலக் கிடக்கும் கறுப்புத் துண்டுகளைப் பார்க்கிறோமே, அதுதான். அவற்றில் பெரும்பாலானவை லாரி டயர்கள். உடனே எல்லாரும் 'செலுப்' டயர் என்று மறுபட்டை போட்டதன் தலையில் பழியைப் போடுவார்கள். காற்று குறைவும் அளவுக்கு மீறிய பாரமும் புது டயரையும் அந்தக் கதிக்கு ஆளாக்கும்.

இது வெறும் அச்சுறுத்தல் அல்ல. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஓர் இசை விழா முடிந்து இளைஞர்கள் திரும்பிய பேருந்தின் முன் டயர் வெடித்து, வண்டி மரத்தில் மோதி, ஓட்டுநரோடு சேர்த்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19. அன்றைய சட்டப்படி அதை ஓட்டுவதற்குத் தடை எதுவும் இல்லை. இறந்தவர்களில் ஒருவரின் தாய் ஆண்டுக்கணக்கில் போராடினார். கடைசியில் 2021 பிப்ரவரி 1 முதல், லாரி, பேருந்துகளின் முன் அச்சில் 10 வயதைத் தாண்டிய டயர் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது.

சினிமா ரசிகர்களுக்கு இன்னொன்று. 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பரில் இறந்த விபத்தில், அவர் பயணம் செய்த போர்ஷே காரின் டயர்களுக்கு ஏறக்குறைய ஒன்பது வயது. விபத்துக்குக் காரணம் அளவு மீறிய வேகம் என்றுதான் காவல் துறை சொன்னது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் டயர்களின் வயது பிடிமானத்தைப் பாதித்திருக்கலாம் என்பதையும் அந்த அறிக்கை சேர்த்தே குறிப்பிட்டது. கோடிக்கணக்கில் விலை போகும் கார், அதிகம் ஓடாத கார்.

அப்படியானால் எத்தனை வயது வரை வைத்துக்கொள்ளலாம்? மிஷெலின் சொல்வது: ஐந்து ஆண்டு பயன்பாட்டுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது தெரிந்தவரிடம் காட்டிச் சோதியுங்கள், செய்த தேதியிலிருந்து 10 ஆண்டு ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள், ஸ்பேர் டயரையும் சேர்த்து. சில கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டு என்கின்றன. இதில் மிகக் கறாரானவர்கள் பிரிட்டனில் கேரவன் வைத்திருப்பவர்கள். கேரவன் என்றால் காருக்குப் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் சின்ன வீடு. கோடையில் சில வாரம் ஓடும், மீதி மாதமெல்லாம் ஒரே இடத்தில் முழுப் பாரத்தோடு நிற்கும். பூ தேயவே தேயாது. அதனால் அங்கே ஐந்து ஆண்டில் மாற்று, ஏழைத் தாண்டாதே என்பது வழக்கமான அறிவுரை. நிறுத்தி வைக்கும் காலத்தில் சக்கரத்துக்கு வெயில் படாமல் உறை போடுவார்கள், டயரின் ஒரே இடம் அமுங்கிக் கிடக்காமல் அவ்வப்போது வண்டியைக் கொஞ்சம் உருட்டி வைப்பார்கள். பெரியப்பாவின் சாகாவும் ஒரு கேரவன்தான், சமையலறை மட்டும் இல்லை. நம் வெயிலுக்கு, அதிகம் ஓடாத காருக்கு, ஆறு ஆண்டுக்கு மேல் நான் நம்ப மாட்டேன்.

பள்ளி விடுமுறையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போய் கேம்பர்வேன் வாடகைக்கு எடுக்கும் குடும்பங்கள் இப்போது அதிகம். என் தோழிகளிலேயே மூன்று பேர் போய்விட்டு வந்து படம் காட்டினார்கள். சாவியை வாங்கும்போது கண்ணாடியில் கீறல் இருக்கிறதா, பீங்கான் தட்டு எத்தனை என்றெல்லாம் பொறுப்பாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி எல்லா டயரின் நான்கு இலக்கத்தையும் படம் எடுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் என்றால் உள் டயர் கண்ணில் படாது, விளக்கடித்துப் பாருங்கள். அங்கே பூவின் குறைந்தபட்ச ஆழம் 1.5 மில்லிமீட்டர். தேதி திருப்தியாக இல்லையென்றால் வேறு வண்டி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

வயது ஒரு பக்கம், உடல்நிலை இன்னொரு பக்கம். மூன்று வயது டயரும் சாகக் கிடக்கலாம். கையால் தடவிப் பார்ப்பதே நல்ல சோதனை. பக்கவாட்டில் முட்டை போல எங்காவது புடைத்திருந்தால், குழியிலோ சாலை விளிம்பிலோ மோதி உள் நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அந்த டயரில் பக்கத்து டாமானுக்குக்கூடப் போகாதீர்கள். பக்கவாட்டில் ஆணி ஏறினால் ஒட்டுப்போட முடியாது. ஒட்டித் தருகிறேன் என்று சொல்லும் கடையை விட்டு விலகுங்கள். தேய்மானமும் பேசும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மெண்ட் போய்விட்டது. உள் ஓரம் தேய்வதுதான் ஏமாற்றும். வெளியே நின்று பார்த்தால் பூ பளபளவென்று இருக்கும், உள்ளே கம்பி எட்டிப்பார்க்கும்.

காற்று பற்றி ஒரே ஒரு வார்த்தை. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கிறது. முழுக் குடும்பமும் பெட்டிகளும் ஏறினால் எவ்வளவு என்று பல அட்டைகளில் தனியாகவே போட்டிருப்பார்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில், டயர் சூடாகும் முன் அடியுங்கள். பாதி வழியில் ஓய்வு நிலையத்தில் அளந்தால் சூட்டில் எண் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் வினை.

இனி கடை. பெரியப்பா ஒருவழியாகச் சம்மதித்தார். என் பேச்சில் மயங்கி அல்ல, பெரியம்மா பக்கவாட்டு வெடிப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு "நான் பஸ்லேயே வர்றேன்" என்று சொன்னதால். டயர் கடையில் பையன் நான்கு புது டயரை உருட்டி வந்தான். குனிந்தேன். இரண்டு டயர் அந்த ஆண்டு, இரண்டு டயர் மூன்று ஆண்டுக்கு முந்தியது. எல்லாவற்றிலும் பளபளக்கும் லேபிள், எல்லாவற்றுக்கும் ஒரே விலை. "ஸ்டோர்ல இருந்ததுதான் தங்கச்சி, ஓடல, புதுசுதான்" என்றார் கடைக்காரர். இருட்டான, குளிர்ந்த இடத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்த டயர் மெதுவாகத்தான் முதுமையடையும், அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் அதே விலைக்கு நான் ஏன் மூன்று வயதை வாங்க வேண்டும்? ஒரு வயதுக்குள் என்றால் பேசாமல் வாங்குவேன். இரண்டைத் தாண்டினால் வேறு கேட்பேன், இல்லையென்றால் வேறு கடை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டயர் வாங்குவோர் இந்த நான்கு இலக்கத்தைப் பார்க்காமல் கையில் காசை எடுக்கவே கூடாது. அதன் முந்தைய வீட்டில் எத்தனை குழியில் விழுந்தது என்று லேபிள் சொல்லாது.

பூவுக்கும் தேதிக்கும் அடுத்து இன்னொரு எண்ணும் பாருங்கள். சின்னக் காரில் 185/55 ஆர்15 82வி என்று இருந்தால், அந்த 82 பாரக் குறியீடு. ஒரு டயர் 475 கிலோ தாங்கும். வி என்பது வேகக் குறியீடு, மணிக்கு 240 கிலோமீட்டர். விலை குறைகிறது என்று காருக்குச் சொன்ன பாரக் குறியீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, முக்கியமாக ஏழு பேர் ஏறும் வண்டிகளில். கையில் காசு இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால், புதியவை பின்னால் போகட்டும். பலர் முன்னால் கேட்பார்கள், முன் சக்கர இழுவை என்பதால். மழையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வாய்ப்பு உண்டு. பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், சமாளிப்பது கடினம்.

நான்கும் மாட்டியாயிற்று. பையன் பில் எழுதப் போகும்போது பூட்டைத் திறக்கச் சொன்னேன். இரண்டு குடைகள், கோயிலுக்கு வாங்கி வைத்த எண்ணெய் டின், ஒரு மடக்கு நாற்காலி, இவற்றுக்கெல்லாம் அடியில் ஸ்பேர் டயர். ஒரு நாளும் தரையைத் தொடாத டயர், ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. 3517. காற்று இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. இருட்டில் சாலையோரம் நின்று, ஐந்து பேரும் நம்பி இறக்கப்போவது இதைத்தான்.

"இதையுமா?" என்றார் பெரியப்பா.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, கைப்பையை மட்டும் திறந்தார். ஐந்தாவது டயருக்குக் கழிவு கேட்டுப் பெரியப்பா கடைக்காரரிடம் அரை மணி நேரம் பேசினார். பத்து வெள்ளி குறைந்தது.